மெல்வினுக்குப் பின்னால்

சக், சக், சக், சக், இரண்டிலும் நாலிலும் கொஞ்சம் அழுத்தம், கைக்குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற அழுத்தம், அதற்கு மேல் போகக் கூடாது. கை சும்மா இருக்கும்போதும் உள்ளே இது ஓடிக்கொண்டே இருக்கிறது, பஸ்ஸில் ஓடும், பல் தேய்க்கும்போது ஓடும், இப்போது இந்த மேடையில் மெல்வின் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஓடுகிறது. அவன் கையைத் தூக்கினால் நான் வாசிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும், இதற்குப் பெயர் லெக்சர் டெமான்ஸ்ட்ரேஷனாம், லெக்சர் அவன், டெமான்ஸ்ட்ரேஷன் நான். மயிலாப்பூரில் மார்கழிக் காலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து ஜாஸ் கிடாரைப் பற்றிக் கேட்க ஒரு ஹால் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வந்திருக்கிறார்கள், முதல் வரிசையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு கூட வந்திருக்கிறார். சபா செயலாளர் ஆராவமுதன் வரவேற்புரையில் மெல்வின் டிமான்டியின் பெருமையை எல்லாம் சொல்லி முடித்து, என் பக்கம் திரும்பி, கையில் இருந்த சீட்டைப் புரட்டிப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லாமல், "பக்கவாத்தியம், இன்னொரு கிடார்" என்றார். இன்னொரு கிடார். கிடாருக்குக் கைகால் முளைத்து, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பெரம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. சற்குணம் என்று ஒரு பேர் உண்டு ஐயா, ஞானஸ்நானத்தில் வைத்த பேர். பரவாயில்லை. இன்றைக்குப் பரவாயில்லை, கடைசியில் எனக்கென்று முப்பத்திரண்டு தாளக் கட்டம் இருக்கிறது.

முப்பத்திரண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு தட்டு, இந்த வேகத்தில் ஒரு நிமிஷம் வரும். வாழ்நாளுக்கு ஒரு நிமிஷம். மெல்வின் போன மாசம் போனில் சொன்னான், "சர்கு, நான் மெல்போர்னுக்குப் பொண்ணுகிட்டயே போறேன்டா, திரும்ப வரப்போறதில்ல, இதான் மெட்ராஸ்ல கடைசி ப்ரோக்ராம். நீ ஒரு தடவையாச்சும் முன்னாடி வாசிக்கணும். கடைசி ஐட்டம் உன்னோடது. நான் பின்னால பிடிக்கிறேன், நீ போ." நான் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஓட்டலில் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, புது வருஷ ராத்திரி, சினிமா ரெக்கார்டிங்கில் மற்ற நாளெல்லாம், நாற்பது வருஷம் இவன் முன்னால் வாசிப்பான், நான் பின்னால் தாளம் பிடிப்பேன். ஒருநாள்கூட 'நீ எடு' என்று இவன் தலையை ஆட்டியதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்டால்தான் தருவானா, கூடவே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாதா? இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி புளோராவிடம் மட்டும் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துவிட்டது. மெல்வின் மட்டும் வழி விட்டிருந்தால், மெல்வின் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். மூன்றாவது வரிசையில் நீலப் புடவையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் தனியாக வாசித்து இவள் ஒருநாளும் கேட்டதில்லை. ரேடியோவில் நான் வாசித்த பாட்டு வந்தால், "கேக்குதா, அந்தா, அதான் நான்" என்பேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வயலின்தாங்க கேக்குது" என்பாள். பொய் சொல்லத் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

"மொதல்ல ஜாஸ்ல கிடாரே இல்ல, சத்தமான பாஞ்சோதான் சார்" என்கிறான் மெல்வின். "ஒருத்தன் ட்ரம்பெட் ஊதுறான், ஒருத்தன் ட்ரம் அடிக்கிறான், நடுவுல பாவம் கிடார் யாருக்குக் கேக்கும்? மைக் வந்துச்சு, அப்புறம்தான் கிடார் உள்ள வந்துச்சு." நன்றாகத்தான் பேசுகிறான், எப்போதும் நன்றாகத்தான் பேசுவான், பெண்கள் அதற்கே வருவார்கள். எடி லாங் என்கிறான், லானி ஜான்சன் என்கிறான், ஒருவர் வெள்ளைக்காரர், ஒருவர் கறுப்பர், இருவர் பேரும் சேர்ந்தாற்போல ரெக்கார்டில் போட முடியாத காலம், அதனால் லாங் வேறு ஒரு பொய்ப் பேரில் வாசித்தார் என்கிறான். கையைத் தூக்குகிறான். நான் லாங், அவன் ஜான்சன். சக், சக், கீழே கனத்த ஒரு பேஸ் நோட்டு, மேலே நாலைந்து சுரம் சேர்ந்த ஒரு கார்டு, நகர், நகர், அவன் மேலே பறக்கிறான், வயதானாலும் பறக்கிறான் பாவி, என் காலுக்கடியில் தரை இருக்கிறது என்ற தைரியத்தில் மாடியிலிருந்து குதிக்கிற பையன் மாதிரி. நிறுத்தினோம். கைதட்டல். லாங் எப்படிச் செத்தார் என்று சொல்கிறான், தொண்டையில் டான்சில் ஆபரேஷன் செய்யப்போய், முப்பது வயசில். முன்வரிசை ச்சு ச்சு என்கிறது. அதைச் சொன்னவன் இதைச் சொல்லவில்லை, அந்த ரெக்கார்டுகளில் பெரும்பாலும் ஜான்சன்தான் முன்னால் ஓடுவார், லாங் பின்னால் நின்று பிடிப்பார். அவ்வளவு பெரிய ஆள், தனியாக வாசித்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த ஆள், பேரையும் மறைத்துக்கொண்டு இன்னொருத்தனுக்குப் பிடித்தார், பிடிக்கத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லேன்டா. சொல்ல மாட்டான், சாவைச் சொன்னால் கூட்டம் உருகும், பிடித்ததைச் சொன்னால் யார் உருகுவார்கள்?

விரல் குளிர்கிறது. ஏசியைக் குறைக்கச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்வது, இன்னொரு கிடார் சொன்னால் யார் கேட்பார்கள். இடது கை மோதிர விரல், சுண்டு விரல், இரண்டையும் தொடையில் தேய்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டும்தான் பயம். மற்றதெல்லாம் வரும், வேகமாக ஒற்றைத் தந்தியில் இறங்கும்போது இந்த இரண்டும் ஒரு நொடி தாமதமாக வரும், கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்து வருகிற சொந்தக்காரர்களைப்போல. ஆகவே முப்பத்திரண்டு கட்டத்தையும் அவற்றுக்குத் தகுந்த மாதிரி கட்டியிருக்கிறேன், வேகம் இல்லை, நடுத் தந்திகளில் நிதானமாகப் போகிற ஒரு வரி, இரண்டாம் எட்டுக் கட்டத்தில் அதையே ஒரு படி மேலே, பிறகு ஒரு இறக்கம், அந்த இறக்கம்தான் என் சொத்து, அதை எங்கேயும் கேட்டு எடுக்கவில்லை. புளோரா காலை ஜெபக்கூட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்து அடுக்களையில் உட்கார்ந்து வாசித்து வாசித்துப் படிய வைத்தேன், அவள் கேட் சத்தம் கேட்டதும் கிடாரைச் சாய்த்துவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவேன். "என்னங்க, புதுசா அடுக்களைப் பக்கம்?" "சும்மாதான்." கடைசியில் எனக்கு ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்காக நேற்றுச் சாயங்காலமே இருவரும் வந்து இந்தச் சபாவைப் பார்த்துவிட்டுப் போனோம், கச்சேரி நடந்துகொண்டிருந்தது, பாடகி நிறுத்தினார், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான், பாதி ஹால் எழுந்து நடையைக் கட்டியது. புளோரா பயந்துவிட்டாள், "என்னாச்சு, எதுக்கு எல்லாரும் போறாங்க?" பக்கத்து மாமி புடவையை உதறிக்கொண்டே சொன்னார், "தனி வந்துடுத்து, இப்போ போனாத்தான் கேன்டீன்ல இடம் கிடைக்கும்." அந்த மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பாவம் என்று நினைத்தேன், நமக்கென்ன, நம்முடைய சங்கதி வேறே.

சிரிக்கிறார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள்? ஜாங்கோவுக்கு வந்துவிட்டான். ஜாங்கோ ரைன்ஹார்ட், வண்டி வீட்டில் தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் வெந்து மடங்கிப்போய், மீதி இரண்டு விரலை வைத்துக்கொண்டே ஐரோப்பாவைக் கலக்கின ஆள். "இத ஒரு ஃப்ரெண்ட் எப்படிப் புரிஞ்சிக்கிட்டான் தெரியுமா சார்?" ஐயோ, அதைச் சொல்லாதே. "ரெக்கார்டு கவர்ல போட்டோ பாத்தோம், ரெண்டு விரல்தான் கம்பி மேல இருக்கு. ஆஹா இதான்டா டெக்னிக்குன்னு மத்த ரெண்டு விரலையும் துணி போட்டுக் கட்டிக்கிட்டு ப்ராக்டிஸ் பண்ணான் சார்!" ஹால் குலுங்குகிறது. ஒரு ஃப்ரெண்ட். கட்டலாம் என்று சொன்னதே நீதானடா, உன் அம்மாவின் பழைய கவுனைக் கிழித்து என் விரலுக்கும் உன் விரலுக்கும் நீதான் கட்டினாய், உனக்கு ஒரு வாரத்தில் அலுத்தது, அவிழ்த்துப் போட்டாய், அவிழ்த்ததை என்னிடம் சொல்லவில்லை. நான் பிடிவாதக்காரன், குருநாதர் அப்படி வாசித்தால் நானும் அப்படித்தான் வாசிப்பேன் என்று வருஷக் கணக்கில் கட்டிக்கொண்டு திரிந்தேன். தீ என்று எந்தக் கவரிலும் போட்டிருக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் ஒரு கப்பல்காரன் சொல்லித்தான் தெரிந்தது, அதற்குள் இரண்டு விரலும் சோம்பேறியாகிவிட்டன. வெந்துபோனவன் அப்படி வாசித்தான், வேகாதவன் நான் என் கையை நானே முடமாக்கிக்கொண்டேன். சிரியுங்கள். புளோராவும் சிரிக்கிறாள், அவளுக்கு அது யாரென்று தெரியாது, நான் அவளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

சார்லி கிறிஸ்டியன் வந்தார், கிடாரில் மின்சாரத்தைப் பாய்ச்சி சாக்ஸபோனுக்குப் பக்கத்தில் சரிசமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார், இருபத்தைந்து வயசில் காசநோயில் போனார், மறுபடி ச்சு ச்சு. மெல்வின் வாசிக்கிறான், நான் பிடிக்கிறேன், சக் சக் சக் சக். முன்வரிசை நோட்டுப் புத்தகக்காரர் கையைத் தூக்குகிறார். "ஒரு சந்தேகம். அவர் பண்றாரே, பின்னாடி, அது நம்ம தம்புரா மாதிரின்னு வெச்சுக்கலாமோ?" மெல்வினுக்கு ஒரே குஷி, "கரெக்ட் சார், தம்புராதான், எக்ஸாக்ட்லி!" தம்புராவா? தம்புரா ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நிற்கும், நான் கட்டத்துக்கு இரண்டு தடவை கார்டு மாற்றுகிறேன், அவன் எங்கே இறங்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியாதபோது எனக்குத் தெரிகிறது, அங்கே போய் முன்கூட்டியே பாயை விரித்து வைக்கிறேன். வாயைத் திறக்கலாமா? வேண்டாம், சிரித்து வைக்கிறேன், தம்புரா சிரிக்கிறது. அடுத்தது ஃப்ரெடி க்ரீன், என் ஆள். நேற்று பேச்சை மட்டும் படித்துக் காட்டியபோது அவரைப் பற்றி மெல்வின் ஒரு முழுப் பக்கம் வைத்திருந்தான். பேசி என்பவருடைய பாண்டில் ஐம்பது வருஷம், ஒரே நாற்காலி, ஒரே வேலை, நாலு தட்டு, தனியாக வாசித்தது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஒரு சமயம் ஆசைப்பட்டு ஆம்ப்ளிஃபையர் வாங்கி வந்தாராம், பாண்டுக்காரர்களே வயரைப் பிடுங்கிப் பிடுங்கி அதை ஒழித்துக்கட்டினார்கள் என்று சொல்வார்கள், இவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டால் பின்னால் யார் இருப்பது? அவர் வாசிப்பது காதுக்குக் கேட்காது, அவர் நிறுத்தினால் மட்டும் கேட்கும், அத்தனை பேரும் கால் இடறி விழுவது கேட்கும். சொல், மெல்வின். ஆராவமுதன் ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். மெல்வின் ஒரு காகிதத்தைப் பார்க்கிறான், அதைத் தூக்கிக் கீழே வைக்கிறான், "நேரா வெஸ் மான்ட்கோமரிக்கு வந்துடலாம்" என்கிறான், பெருவிரல் ஒன்றையே வைத்து வாசித்த வெஸ், வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று அப்படிப் பழகினாராம். ஃப்ரெடி க்ரீன் தரையில் கிடக்கிறார், நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், எழுத்து எனக்குத் தெரிகிறது. ஐம்பது வருஷத்துக்கு அரை நிமிஷம் கிடைக்கவில்லை.

சரி, போகட்டும். வெஸ் முடிந்தால் என் முறை. விரல், தொடையில் தேய். முதல் வரி நடுத் தந்தியில், அவசரப்படாதே. மெல்வின் தண்ணீர் குடிக்கிறான், அவனும் வேர்த்துத்தான் இருக்கிறான், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, உண்மையான சிரிப்புதான், கவுனைக் கிழித்த பையனின் சிரிப்பு, ஒரு நொடி அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விடும்போல இருக்கிறது. மைக்கை இழுத்துக்கொள்கிறான். "கடைசியா ஒரு ஐட்டம். இத்தன வருஷமா எனக்குப் பின்னால இருந்த ஆளு, மை பிரதர், சற்குணம்." சொல்லிவிட்டான், என் பேரைச் சொல்லிவிட்டான், புளோரா நிமிர்கிறாள். "இவர் இப்ப சோலோ வாசிக்கப் போறாரு. சோலோன்னா உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன், சார். இப்ப இவரோட தனி." அடப்பாவி. அந்த வார்த்தை எங்கிருந்துடா உனக்குக் கிடைத்தது, ஆராவமுதன் சொல்லிக்கொடுத்தாரா, அந்த வார்த்தை வேண்டாம், திரும்ப எடு. மேல்துண்டுகள் அசைகின்றன. மஃப்ளர்கள் எழுகின்றன. யாருக்கும் என்மேல் ஒரு விரோதமும் இல்லை, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மரியாதையாகக் குனிந்து, அடுத்தவர் காலை மிதிக்காமல், பழகின கால்கள் பழகின வழியில் போகின்றன. நோட்டுப் புத்தகக்காரர் நோட்டை நாற்காலியில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போகிறார். கதவு திறக்கிறது, பொங்கல் வாசனை வருகிறது, நெய்யும் மிளகும், சாத்திக்கொள்கிறது, திறக்கிறது. கடைசி வரிசையில் ஒருவர் தூங்குகிறார். மூன்றாவது வரிசையில் நீலப் புடவை. எழுந்து போகிற முதுகுகளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், நேற்றைய மாமி அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிகிறது. பிறகு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிரசங்கம் கேட்க உட்காருகிற மாதிரி முன்னால் சாய்ந்து உட்கார்கிறாள். ஒருத்தி போதும். நாற்காலிகளுக்கு வாசித்துப் பழகாதவனா நான்? ஒருத்தி போதும், ஒன்று, இரண்டு, ஒன்று இரண்டு மூன்று நாலு.

வருகிறது. விரல் வருகிறது, மோதிர விரல் வருகிறது, சுண்டு விரல் இதோ, தாமதமே இல்லை, நாற்பது வருஷமாக எங்கே இருந்தாய் நீ, நடுத் தந்தியில் என் வரி நடக்கிறது, என்னுடையது, இந்தச் சத்தம் நான், புளோரா, அதான் நான். நாலாவது கட்டத்தில் காலுக்குக் கீழே என்னவோ ஆகிறது. மெல்வின் பிடிக்கிறான், ஆனால் பிடிக்கவில்லை, ஒன்றில் அடிக்கிறான், இரண்டை விட்டுவிட்டு இரண்டரையில் அடிக்கிறான், நான் மூச்சு விட்ட இடத்தில் உடனே ஒரு சின்ன ஓட்டம் ஓடி வந்து உட்கார்கிறான், வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பத்தான் அவனுக்குத் தெரியும், அதற்குத்தானே கைதட்டல் வாங்கினான். வேண்டுமென்று செய்யவில்லை, அவன் நெற்றியில் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு எனக்கு நல்லது செய்யப் பாடுபடுகிறான். வேகம் கூடுகிறது, யார் கூட்டினார்கள், அவன், நான் இல்லை, பிறகு குறைகிறது, கார்டு ஒரு கட்டம் தள்ளி வருகிறது, என் இரண்டாம் எட்டு மேலே ஏறி நிற்க இடமில்லாமல் தள்ளாடுகிறது. விரலுக்குப் பயந்தேன், விரலுக்கு மட்டும்தான் பயந்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. இவனுக்குப் பின்னால் நாற்பது வருஷம் நான் இருந்தேன். எனக்குப் பின்னால் நான் இல்லை. இப்போது இறக்கம், என் சொத்து, விழுந்தாலும் பரவாயில்லை என்று இறங்கு, நொண்டட்டும், போ, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், போ. சக். யாருடைய சத்தம் அது? சக், சக், சக். என் வலது கை. நான் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை, தாளம் தவிக்கிறதைப் பொறுக்க முடியாமல் அதுபாட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது, இடது கையும் அதோடு சேர்ந்துகொண்டு கார்டைப் பிடித்துவிட்டது, இரண்டிலும் நாலிலும் கொஞ்சம் அழுத்தம். தரை வந்துவிட்டது. மெல்வின் பெருமூச்சு விட்டான், எனக்குக் கேட்டது. கிடைத்த தரையிலிருந்து அப்படியே எழும்பினான், பறந்தான், மெட்ராஸில் கடைசித் தடவை. நிறுத்து, சற்குணம். கையை எடு. நீ எடுத்தால் அவன் இடறுவான், ஹாலுக்கே கேட்கும், பிறகு நீ தொடங்கலாம், இன்னும் எட்டுக் கட்டம் இருக்கிறது. சக் சக் சக் சக். யாரும் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கவில்லை. இத்தனை வருஷமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? முப்பத்திரண்டும் முடிந்து, சுற்றுக்கு மேல் சுற்றாக அவன் போய்க்கொண்டே இருக்கிறான், நானும் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். கதவு திறக்கிறது, காபி வாசனையோடு ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள், மெல்வின் உச்சியில் இருக்கிறான், வந்தவர்கள் எல்லாரும் அந்த உச்சியைத்தான் பார்க்கிறார்கள். பிரமாதம் என்கிறார் நோட்டுப் புத்தகக்காரர், நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.

முடிந்தது. கைதட்டுகிறார்கள். மெல்வின் என் தோளைப் பிடித்து உலுக்கி, "செமடா, கலக்கிட்டே" என்கிறான். பொய்யில்லை, அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. கண்கூடக் கலங்கியிருக்கிறது. ஆராவமுதன் மைக்குக்கு வந்துவிட்டார், நன்றியுரை. நான் கிடாரை மடியிலிருந்து இறக்கவில்லை, மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், பார்த்துவிட்டேன். புளோரா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கைதட்டினாள்தான், மெல்வினைப் பார்த்து மரியாதைக்கு இரண்டு தட்டு தட்டினாள். என் பார்வை தன் மேல் பட்டதும் பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, விரலை மட்டும் லேசாகத் தூக்கி, சத்தம் வராமல் உதட்டை அசைத்துக் கேட்கிறாள்.

"உங்களது எப்போ?"

முடிந்துவிட்டது என்று நான் கையைக் காட்டுகிறேன். அவளுக்குப் புரியவில்லை. சரி, கொஞ்சம் நேரமாகும்போல என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள், கைப்பையை மறுபடி மடியில் சரியாக வைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.